முப்பது தலை கேட்ட தேவாலயம்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், பச்சைப் புல்வெளிக்கு நடுவே வெள்ளைவெளேரென்று நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வேலைக்கு ஓடுபவர்கள், கடைத்தொகுதிக்குப் போகும் குடும்பங்கள், திருமணப் படம் எடுக்க வந்த மணமக்கள் என்று எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் யாருமே இல்லை.

ஒரு காலத்தில் இந்த இடத்தைக் கண்டு சிங்கப்பூரே நடுங்கியது என்றால் நம்புவீர்களா?

1850களின் தொடக்கம். ஊரெல்லாம் ஒரே பேச்சு. தேவாலயத்துக்குள் கெட்ட ஆவிகள் புகுந்துவிட்டன. வெள்ளைக்காரர்களே அங்கே போய் வழிபடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆவிகளைச் சாந்தப்படுத்த 30 மனிதத் தலைகள் வேண்டுமாம். ஆளுநர் உத்தரவு போட்டுவிட்டாராம். இரவில் தனியாக நடப்பவர்களை மடக்கித் தலையை வெட்டிக் கொண்டுவர ஆட்கள் கிளம்பிவிட்டார்களாம்.

யார் அந்த ஆட்கள்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே சிறையில் இருந்த கைதிகள். அதாவது, இந்தப் பேய்க்கதையில் தலை வெட்ட வரும் பூச்சாண்டி நம்மவர்தான்.

வானொலியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் பேய்க்கதை நேரம் ஒன்றை நடத்தியிருக்கிறேன். நேயர்கள் அனுப்பும் கதைகளில் பெரும்பாலும் வெள்ளைப் புடவை, வாழைமரத்தடி பொந்தியானா, மின்தூக்கியில் கூடவே வரும் கிழவி ஆகியோர்தான் வருவார்கள். ஆண்ட்ரூஸ் தேவாலயக் கதை அப்படிப்பட்டதல்ல. அதில் ஆவி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, மின்னல் இருக்கிறது. அவற்றோடு நம் முன்னோர் சிலரின் வாழ்க்கையும் இருக்கிறது. அதனால்தான் அதை ஐந்து நிமிட நிகழ்ச்சிக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

கோபுரமும் இரண்டு மின்னலும்

இப்போது நாம் பார்ப்பது இரண்டாவது தேவாலயம். ஆவி புகுந்ததாகச் சொல்லப்பட்டது முதலாவது.

அதை வடிவமைத்தவர் ஜார்ஜ் கோல்மன். ஐரிஷ்காரர். தேவாலயத்தின் பக்கத்தில் ஓடும் கோல்மன் ஸ்திரீட் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1830களின் நடுவில் கட்டுமானம் தொடங்கியது. 1837ல் அங்கே வழிபாடு ஆரம்பமானது. ஸ்காட்லாந்து வணிகர்கள் நன்கொடை கொடுத்ததால், அந்நாட்டின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் பெயர் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் அதற்குக் கோபுரம் கிடையாது. தேவாலயம் என்றால் கோபுரம் வேண்டாமா என்ற முணுமுணுப்பு எழவே, 1842ல் ஜான் டர்ன்புல் தாம்சன் ஒரு கூம்புக் கோபுரத்தைச் சேர்த்தார்.

அடுத்த ஆண்டு அதற்கு ஒரு மணியும் கிடைத்தது. சிங்கப்பூரில் அமெரிக்கத் தூதராக இருந்தவரின் மனைவி மரியா ரிவியர் பாலஸ்டியர் கொடுத்த அன்பளிப்பு அது. அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற பால் ரிவியரின் மகள் அவர். மணியைக் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் விதித்தார். ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு அதை ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும். கரையில் சுற்றும் மாலுமிகள் கப்பலுக்குத் திரும்பவும், ஊர் மக்கள் இரவில் எச்சரிக்கையாக இருக்கவும் அந்த மணியோசை. மின்விளக்கு இல்லாத தெருவில் அந்த ஓசை கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். அந்த மணியை இப்போது தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

பிறகு வந்தது மின்னல். 1845ல் ஒருமுறை, 1849ல் மறுமுறை கோபுரத்தைத் தாக்கியது. கட்டடம் பலவீனமாகி, 1852ல் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டது. வழிபாடு நீதிமன்றக் கட்டடத்துக்கு மாறியது. 1855ல் பழைய தேவாலயத்தை இடித்தே விட்டார்கள்.

இதில் அறிவியலுக்கு மாறான விஷயம் ஒன்றுமில்லை. உலகிலேயே மின்னல் அதிகம் தாக்கும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டுக்குச் சராசரியாக 160 நாள்களுக்கு மேல் இங்கே இடி இடிக்கிறது. இன்றுபோல் உயர்ந்த கட்டடங்கள் இல்லாத அன்றைய கடலோரத்தில், திறந்த வெளியில், எல்லாவற்றையும்விட உயரமாகக் கூம்பு ஒன்றை நிறுத்திவைத்தால் மின்னல் வேறு எங்கே இறங்கும்?

ஆனால் அன்றைக்குத் தெருவில் நின்று பார்த்தவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். சாமி கும்பிடும் இடத்தை வானத்து நெருப்பு ஒரு முறையல்ல, இரு முறை அடித்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு, வழிபாட்டை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்கிறார்கள். காரணத்தை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருந்திருக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டது.

வதந்தி எப்படிப் பிடித்தது?

ஒரு வதந்தி நிலைக்க வேண்டுமானால், அதில் பாதியாவது கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். இந்தக் கதையில் அப்படிப்பட்டவை நிறைய இருந்தன. தேவாலயம் மூடியிருந்தது உண்மை. வெள்ளைக்காரர்கள் நீதிமன்றத்தில் வழிபட்டது உண்மை. கைதிகள் ஆளுநரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் உண்மை. ஆவியும் 30 தலைகளும் மட்டும்தான் ஊர் சேர்த்த சரக்கு.

ஏற்கெனவே பயத்தில் வாழ்ந்த ஊர் அது. 1849 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 53,000. அவர்களில் பாதிக்குமேல் சீனர்கள். பெரும்பாலோர் குடும்பத்தை விட்டுப் பிழைக்க வந்த ஆண்கள். ரகசியக் கும்பல்களின் கைகலப்பு, கூட்டுக் கொள்ளை எல்லாம் அடிக்கடி நடந்தன. 1854ல் ஹொக்கியன், தியோச்சூ பிரிவினரிடையே மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஊருக்கு வெளியே மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் புலி அடித்துத் தின்றது. மாலையில் வெளியே போனவர் காலையில் திரும்பாவிட்டால், காரணம் புலியா, கொள்ளையரா, கும்பலா என்று தெரியாது. அந்த வரிசையில் ‘தலை வெட்டும் கைதி’யும் சேர்ந்துகொண்டான்.

விளைவு, இருட்டியபின் மக்கள் வெளியே நடமாடப் பயந்தார்கள். ஆளுநர் பட்டர்வொர்த் இதெல்லாம் பொய் என்று அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அது மட்டும் போதவில்லை. சீன வணிகப் பெரியவர்களும் தங்கள் மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. பிறகுதான் அச்சம் மெல்ல அடங்கியது.

அரசாங்கம் சொன்னால் நம்பாத மக்கள், தங்கள் மொழியில் தங்களுக்குத் தெரிந்தவர் சொன்னால் நம்பினார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைக்கும் எனக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. கொவிட் காலத்தில் தமிழில் விளக்கம் கேட்டுத் தாத்தா பாட்டிகள் நிலையத்துக்கு ஏன் அழைத்தார்கள் என்பதற்கு 170 ஆண்டுக்கு முந்தைய பதில் இதில் கிடைக்கிறது.

பாலம் கட்ட ஒரு தலை

இந்தக் கதையின் சுருக்கத்தை ஒருமுறை நிகழ்ச்சியில் சொன்னேன். உடனே ஜோகூரிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார்.

“தம்பி, இது எங்க தோட்டத்துல தெரிஞ்ச கதைதானே! ஆத்துல பாலம் கட்டுறாங்கன்னா எங்களை வெளியே விளையாட விடமாட்டாங்க. தூணு நிக்கணும்னா புள்ளத் தலை வேணும், புடிச்சிட்டுப் போயிடுவான்னு எங்கம்மா மிரட்டும்.”

அந்தப் பாட்டியின் குரல் அடங்குவதற்குள் வேறு தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. ஈப்போ, பினாங்கு, தஞ்சோங் பகார் என்று எல்லா இடத்திலும் அதே கதை. மலாயில் அதற்குப் பெயரே இருக்கிறது: போத்தோங் கெப்பாலா, அதாவது தலைவெட்டு. தமிழ்நாட்டில் வளர்ந்த நேயர்கள் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்றார்கள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவானாம். புதிய பாலமோ அணையோ காவு கேட்கிறதாம்.

பெரிய கட்டுமானம் உயிர்ப்பலி கேட்கும் என்ற நம்பிக்கை ஒரு ஊருக்கோ ஓர் இனத்துக்கோ சொந்தமானதல்ல. தென்கிழக்காசியாவின் தீவுகளில் இத்தகைய தலைவெட்டு வதந்திகளை மானிடவியலாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பலியைக் கேட்பவன் சாத்தான். ஜெர்மனியின் ஆகன் நகரத் தேவாலயத்தைக் கட்டப் பணம் தீர்ந்ததும் சாத்தான் உதவிக்கு வந்தானாம். முதலில் உள்ளே நுழையும் உயிர் தனக்கு என்று பேரம் பேசினானாம். ஊரார் ஓர் ஓநாயை உள்ளே விரட்டிவிட்டு அவனை ஏமாற்றினார்கள். கோபத்தில் அவன் கதவை அறைந்தபோது கட்டைவிரல் கைப்பிடியில் சிக்கி அறுந்ததாம். இன்றும் அந்த வெண்கலக் கதவின் சிங்க முகத்துக்குள் கைவிட்டுச் ‘சாத்தானின் கட்டைவிரலை’த் தேடுகிறார்கள் பயணிகள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகனில் ஊர் மக்கள் சொந்த ஊரில், தங்கள் தேவாலயத்தைப் பற்றிச் சொன்ன கதை. அதனால் அவர்கள் சாத்தானை ஏமாற்றி வெற்றி பெறுகிறார்கள். சிங்கப்பூரில் கதை சொன்னவர்களுக்கும் அந்தத் தேவாலயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது ஆள்பவர்களின் கட்டடம். அதனால் கதையில் அவர்கள் வெல்வதில்லை; பலியாகிறார்கள். அதிகாரம் நம்மை என்ன செய்யுமோ என்ற பயம்தான் இங்கே ஆவியாக மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு வேதனை உண்டு. ஆளுநரைத் தொட முடியாது. ஆவியைப் பார்க்க முடியாது. கண்ணெதிரே நடமாடியவன் கைதி. கறுத்த மேனி, வேறு மொழி, வேறு சாமி, காலில் விலங்கு. பயம் முழுவதும் அவன் தலையில் இறங்கியது.

அந்தக் கைதிகள் யார்?

1825 முதல் இந்தியக் கைதிகளைப் பிரிட்டிஷார் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். வங்காளம், பம்பாய், சென்னை என்று பல மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். கொலைக் குற்றவாளிகள் இருந்தார்கள். சிறு குற்றத்துக்குக் கடல் கடந்தவர்களும் இருந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. கறுப்புத் தண்ணீரைக் கடந்தவன் உயிரோடு இருந்தாலும் ஊருக்குச் செத்தவன்தான்.

இங்கே அவர்கள் சும்மா அடைந்து கிடக்கவில்லை. காட்டை வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள். நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு இரண்டும் கோல்மனின் மேற்பார்வையில் கைதிகள் போட்ட சாலைகள். ஊரைப் பயமுறுத்திய புலிகளை வேட்டையாடவும் கைதிகளை அனுப்பினார்கள். பிற்காலத்தில் அதிபர் மாளிகையான இஸ்தானா எழுந்ததும் அவர்கள் உழைப்பில்தான். சிராங்கூன் ரோட்டில் அவர்கள் செங்கல் சூளை நடத்தினார்கள்.

பிராஸ் பாசாவில் இருந்த அவர்களின் சிறையைப் பற்றி, அங்கே கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899ல் ஒரு நூலே எழுதினார். நன்னடத்தை காட்டிய கைதிகளே மற்றக் கைதிகளுக்குக் காவலர் ஆனார்கள் என்பதுதான் அந்த நூலின் மையச் செய்தி. தச்சு, கொல்லு, கல்வேலை, கொத்துவேலை என்று கைத்தொழில்கள் கற்றுக்கொடுக்கப்பட்டன. படிப்படியாக விலங்கு கழன்றது. பிறகு சிறைக்கு வெளியே தங்கிச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது.

ஆக, ஊரார் எந்தக் கைதிகளைக் கண்டு நடுங்கினார்களோ, அவர்கள் போட்ட சாலையில்தான் வீட்டுக்கு ஓடினார்கள்.

முட்டையும் வெல்லமும் கலந்த சுவர்

பழைய தேவாலயம் போனபின் புதியதைக் கட்டும் பொறுப்பு யாருக்கு வந்தது தெரியுமா? அதே கைதிகளுக்கு.

ரோனால்ட் மெக்ஃபர்சன் என்ற அதிகாரி வரைபடம் போட்டார். கைதிகளின் கண்காணிப்பாளரும் அவரே. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷியரில் இடிந்து கிடக்கும் நெட்லி மடாலயத்தின் சாயலை மனத்தில் கொண்டு வடிவமைத்தார் என்பார்கள். 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய சதுரக் கோபுரம் ஒன்றைத்தான் முதலில் திட்டமிட்டார்கள். அடித்தளம் அதன் எடையைத் தாங்காது என்ற அறிகுறி தெரியவே, எடை குறைந்த கூம்பாக மாற்றினார்கள். இன்று நாம் பார்ப்பது அந்தக் கூம்பைத்தான். ஏறத்தாழ 63 மீட்டர் உயரம்; வீவக புளோக் கணக்கில் சொன்னால் சுமார் 20 மாடி. 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. 1862 ஜனவரியில் முறைப்படி திருநிலைப்படுத்தினார்கள்.

அந்த வெள்ளைச் சுவரின் ரகசியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று அதற்குப் பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் போன்ற கரட்டுச் சர்க்கரை மூன்றையும் சேர்த்துக் குழைப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை அதில் விட்டுச் சாந்தாக்குவார்கள். சுவரில் பூசிக் காய்ந்ததும், வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் மினுமினுப்பும் தெரியும். அதே கைமுறை கடல் கடந்து இங்கே ஆங்கிலேயர்களின் தேவாலயச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

முட்டை, வெல்லம், தேங்காய். ஏதோ பலகாரம் செய்யப் போவதுபோல் இருக்கிறது. ஒரே சமையலறைச் சாமானில் கொழுக்கட்டையும் செய்யலாம், தேவாலயமும் கட்டலாம் என்று நிகழ்ச்சியில் சொன்னபோது சிரிக்காத நேயர் இல்லை. ஆனால் யோசித்தால், தலை வாங்கியதாகச் சொல்லப்பட்ட கைகள் கடைசியில் செய்தது இந்த வேலையைத்தான். நாள் முழுக்கச் சுவரைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தார்கள்.

1867ல் இங்கே கைதிகளை அனுப்புவது நின்றது. 1873ல் கைதிகள் முகாம் கலைக்கப்பட்டது. தண்டனை முடியாத சிலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், இங்கேயே மணம் முடித்துக் குடும்பமும் ஆனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று நம்மோடு பேருந்தில் பயணம் செய்யலாம். ‘என் கொள்ளுத்தாத்தா கைதியாக வந்தவர்’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை இருந்திருக்காது. ஆகவே குடும்பக் கதைகளில் அவர்கள் இல்லை. பேய்க்கதையில் மட்டும் மிஞ்சினார்கள்.

அதே கட்டடம், வேறு இரவு

1942 பிப்ரவரி. ஜப்பானியக் குண்டுகள் சிங்கப்பூர் நகரத்தில் விழுந்த நாள்களில், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவசர மருத்துவமனையாக மாறியது. காயம்பட்டவர்களை உள்ளே படுக்க வைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுக்கு முன் அந்தப் பக்கம் போனால் தலை போய்விடும் என்று ஓடியது ஒரு தலைமுறை. அதே இடத்துக்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தது மற்றொரு தலைமுறை. 1973ல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பேய்க்கதை நேரம் நடத்துபவனிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி, “இதையெல்லாம் பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?” என்பது. சொல்லலாம் என்பதே என் பதில். கதை இல்லாத ஊர் வெறும் வரைபடம். ஆனால் சொல்லும் முறை முக்கியம்.

முதலில் கதையை ருசியாகச் சொல்லுங்கள். எட்டு மணி ஓசை, மின்னல், பூட்டிய கதவு, 30 தலை எல்லாம் வரட்டும். பிள்ளைகள் பயப்படட்டும், பயமும் ஒரு சுகம்தான். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் எது கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது? இதைச் சொன்னவர் எதற்குப் பயந்தார்? பழி யார்மேல் விழுந்தது?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஏனெனில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ‘உஷார், இந்த வட்டாரத்தில் பிள்ளை பிடிக்கிறார்கள்’ என்று ஒரு குரல்பதிவு வந்தால், அதில் வரும் ஆள் பெரும்பாலும் யார்? அடையாளம் தெரியாத வெளிநாட்டு ஊழியர். நம் வீவக வீடுகளையும் ரயில் சுரங்கங்களையும் கட்டுபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்து அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்த்து, பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நடக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1850களில் நம்மவர் இருந்த இடத்தில் இன்று அந்தத் தம்பி இருக்கிறான். நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் தேவாலயத்து ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். பொய் என்று தெரிந்தால், குடும்பக் குழுவில் நாலு பேர் முன்னால், தமிழிலேயே, மரியாதையாகச் சொல்லுங்கள். அன்றைக்குப் பயத்தை அடக்கியதும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

போய்ப் பாருங்கள்

செலவில்லாத குடும்ப உலாவுக்கு ஏற்ற இடம் இது. சிட்டி ஹால் நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வழிபாடு நடக்காத நேரமாகப் பார்த்து, அமைதியாக உள்ளே போய்வாருங்கள். கிழக்குப் பக்க வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பாருங்கள். ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் ஆகிய மூவரின் நினைவாக அமைந்தவை அவை. ஆவி இல்லை என்று அறிவிப்பு விட்ட அதே பட்டர்வொர்த்தான். சுவர் வேலை செய்த கைதிகளின் பெயரைத் தாங்கிய சன்னல் இல்லை.

பிறகு கோல்மன் ஸ்திரீட் வழியாக நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்கு வாருங்கள். அங்கிருந்து பிராஸ் பாசா வரை பொடிநடையாகப் போகலாம். சிறை இருந்த வட்டாரத்தில் இப்போது மாணவர்கள் காப்பி குடித்தபடி கணினி தட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னும் சற்று நடந்தால் தேசிய அரும்பொருளகம். அங்கே ரிவியர் மணி. எல்லாம் சேர்த்து ஒரு காலைப் பொழுது போதும். வெயில் ஏறுவதற்குள் கிளம்புவது நல்லது. மதியத்துக்குமேல் இடி மழை வரும், குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். தாத்தா, பாட்டி, பெரியம்மா யாராவது இருந்தால், பாலம் கட்டத் தலை கேட்ட கதை அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். எந்த ஆறு, எந்தப் பாலம், யார் மிரட்டினார்கள், பிள்ளை பிடிக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று சொல்லப்பட்டது என்பதையெல்லாம் விடாமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில்தான் உங்கள் குடும்பத்தின் சரித்திரம் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.